அறுவைக்கு முன்பே தெரிகிற ஆபத்துகள்



கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்குள் குழாய் வைக்கும் அறுவையைத் தமிழர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தொடங்கியது 2016இல்தான். அந்த ஆண்டு செப்டம்பர் 22 அன்று சென்னை அப்போலோ மருத்துவமனையில் முதல்வர் ஜெயலலிதா சேர்க்கப்பட்டார். தொற்று கடுமையாகி, செயற்கைச் சுவாசம் நாள்கணக்கில் நீண்டதால் அக்டோபரில் அவருக்கு டிரக்கியாஸ்டமி செய்தார்கள். டிசம்பர் 5 அன்று அவர் காலமானார். பத்தே நாளில், டிசம்பர் 15 அன்று, தொண்டையிலும் நுரையீரலிலும் தொற்று ஏற்பட்டு மூச்சுத் திணறலோடு கலைஞர் மு. கருணாநிதி காவேரி மருத்துவமனைக்கு வந்தார். அவருக்கும் அதே அறுவை. அப்போது அவருக்கு வயது 92. 23ஆம் தேதி வீடு திரும்பினார். 2018 ஜூலை 18 அன்று குழாயை மாற்றிக்கொள்ள மருத்துவமனைக்கு வந்து போனார். ஆகஸ்ட் 7 அன்று மறைந்தார். மேடையில் குரலால் ஆண்ட ஒரு மனிதர், கழுத்துக் குழாயோடு ஒன்றரை ஆண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்.

இதற்குப் பிறகு என் அறைக்கு வரும் குடும்பங்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கின. “தொண்டையில ஓட்டை போட்டா அவ்வளவுதானாமே டாக்டர், திரும்ப மாட்டாங்களாமே?” பயத்தில் கேட்கிறார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க வேண்டியது வேறு: “எங்கள் அப்பாவின் உடம்பில் இந்த அறுவையைச் சிக்கலாக்கக் கூடியது என்ன இருக்கிறது? அதற்கு நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?” இன்றைய உரை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான். அறுவை எல்லோருக்கும் ஒன்றுதான், உடம்புதான் வேறு. சிக்கல்களில் பெரும்பகுதி எங்கே வரும் என்பது கத்தி வைப்பதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும்.

எல்லோரும் ஒரு நிமிடம் தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து, விரலால் கழுத்தின் நடுவில் தடவிப் பாருங்கள். ஆண்களுக்கு முதலில் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு போலத் தட்டுப்படும். அது குரல்வளை. அதற்குக் கீழே சின்னப் பள்ளம். அதற்கும் கீழே கெட்டியான ஒரு வளையம். அதைத் தாண்டினால் மெல்லிய வளையங்கள் வரிசையாகத் தட்டுப்படும். அந்த இரண்டாவது, மூன்றாவது வளையத்தை ஒட்டித்தான் துளையிடுகிறோம். ஒரு வளையம் மேலே போய்க் குரல்வளையின் கெட்டி வளையம் காயப்பட்டால், பிற்காலத்தில் மூச்சுக்குழல் அங்கே சுருங்கிவிடும். இதை அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் 1921லேயே எழுதி எச்சரித்தார். ரொம்பக் கீழே போனால் நெஞ்சிலிருந்து ஏறும் பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் இருக்கிறது. இடைப்பட்ட இடம் இரண்டு விரல் அகலம்தான்.

உங்களில் சிலருக்கு அந்த வளையங்கள் தட்டுப்பட்டிருக்காது. தாடைக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் சதைமட்டும் தட்டுப்பட்டிருக்கும். கழுத்தெலும்பு தேய்ந்து, தலையைப் பின்னுக்குச் சாய்க்க முடியாதவர்களும் இங்கே இருப்பீர்கள். அறுவை அரங்கில் தோளுக்கடியில் ஒரு பை வைத்துக் கழுத்தை நீட்டும்போது, இவர்களுக்கு மூச்சுக்குழல் மேலே வராது, நெஞ்சுக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கும். பைக் விபத்தில் கழுத்தெலும்பு அடிபட்ட இளைஞனுக்கும் இதே நிலைதான். அவன் கழுத்தை நாம் அசைக்கவே கூடாது.

உடல் பருமனைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். நம் மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில், பெரியவர்களில் பாதிப் பேர் எடை கூடியவர்கள் அல்லது பருமனானவர்கள் என்று தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். சாதாரணமாகப் பயன்படுத்தும் கழுத்துக் குழாயின் நீளமும் வளைவும் மெலிந்த கழுத்துக்கு என்று வடிவமைத்தவை. தடித்த கழுத்தில் தோலிலிருந்து மூச்சுக்குழல்வரை பல சென்டிமீட்டர் கொழுப்பைத் தாண்ட வேண்டும். குழாயின் பெரும்பகுதி கொழுப்புக்குள்ளேயே செலவாகி, நுனி மட்டும் மூச்சுக்குழலுக்குள் இருக்கும். படுக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மறுநாள் தாதி நோயாளியை நிமிர்த்தி உட்கார வைப்பார், கொழுப்பு கீழே சரியும், நுனி மூச்சுக்குழலை விட்டு வெளியே வந்துவிடும். வெளியே பார்த்தால் குழாய் அதே இடத்தில், அதே நாடாவோடு, இளகிய மண்ணில் நட்ட குச்சியைப்போல நிற்கும். உள்ளே காற்று போவது கொழுப்புக்குள். நோயாளி நீலம் பாரிக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. 2011இல் பிரிட்டனில், மயக்கவியல் மருத்துவர்களின் அரசக் கல்லூரி நாடு முழுக்க நடந்த மூச்சுவழி விபத்துகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மரணத்துக்கும் மூளைச் சேதத்துக்கும் முதன்மைக் காரணமாக அது கண்டது, கழுத்துக் குழாய் இடம் பெயர்ந்ததைத்தான். பாதிக்கப்பட்டவர்களில் பருமனானவர்கள் அதிகம். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கருவியைப் பொருத்தியிருந்தால் பலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் அது சொன்னது. அமெரிக்காவின் பஃபலோவில் 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், மிகப் பருமனான நோயாளிகளில் 25 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் வந்தன, மற்றவர்களில் 14 விழுக்காட்டினருக்கு. இந்தப் பதினொரு விழுக்காட்டைக் குறைக்க வழி இருக்கிறது. நீளமான, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய குழாய்கள் இருக்கின்றன. அவற்றை அறுவைக்கு முன்பே வரவழைக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஆபத்து வந்தபின் தேடினால் எந்த அலமாரியிலும் கிடைக்காது. முதல் ஏழு நாளுக்குள் குழாய் வெளியே வந்துவிட்டால், துளையின் பாதை இன்னும் இறுகியிருக்காது. கண்ணை மூடிக்கொண்டு திரும்பச் செருகினால் தப்பான இடத்துக்குப் போகும்.

அடுத்து இனிப்பு நீர். அதே 2019 ஆய்வில் நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களில் நூற்றுக்கு முப்பத்தொன்று. இந்த மண்டபத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் வரிசையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் துளையைச் சுற்றிய புண் சீக்கிரம் சீழ் பிடிக்கும், மெதுவாக ஆறும். அதைவிட முக்கியமான விஷயம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. குழாயின் நுனிக்கு மேலே ஒரு சின்னப் பலூன் இருக்கும். எச்சிலும் உணவும் நுரையீரலுக்குள் இறங்காமல் இருக்கவும், இயந்திரம் தள்ளும் காற்று மேலே கசியாமல் இருக்கவும் அதை ஊதி வைப்போம். அந்த அழுத்தம் 20இலிருந்து 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மூச்சுக்குழலின் உட்சுவரிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கும். நீரிழிவில் அந்த நுண்குழாய்கள் ஏற்கெனவே பழுதாகியிருக்கும். தொற்றால் ரத்த அழுத்தமும் குறைந்திருந்தால், மற்றவர்களுக்குப் பாதுகாப்பான அழுத்தம்கூட இவருக்குப் புண்ணாக்கும். புண் ஆறும்போது தழும்பு இறுகும், மூச்சுக்குழல் அங்கே ஒடுங்கும். மருத்துவமனையை விட்டு வந்து இரண்டு மாதம் கழித்து, மாடிப்படி ஏறும்போது விசில் சத்தத்தோடு மூச்சு வாங்கும். குடும்பம் ஆஸ்துமா என்று நினைக்கும், சில கிளினிக்குகளும் ஆஸ்துமா மருந்து கொடுத்து அனுப்பும். கோவிட் காலத்தில் வாரக்கணக்கில் இயந்திரத்தில் இருந்து, ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்ட நீரிழிவு நோயாளிகளிடம் இதைப் பார்த்தோம். கழுத்துக் குழாயோ வாய்க் குழாயோ வைத்திருந்த எவருக்கும் பின்னால் மூச்சு வாங்கினால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்.

தோட்டத்து மக்களுக்கே உரிய ஒன்று வெற்றிலை. தேயிலைத் தோட்டங்கள் இந்தக் கேமரன் மலையில் ஏறிய காலம் முதல் கொழுந்து பறிக்கும் கைகளோடு சுருக்குப்பையும் ஏறியது. குளிருக்கும் பசிக்கும் அது துணை, அந்த வாழ்க்கையின் கஷ்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்குகூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்துவிட்டது. மலேசிய இந்தியப் பெண்களிடம் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட மிக அதிகம். அதற்கு முன்னோடியாக வருவது வாய் இறுக்கம். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நாராக இறுகி, வாய் திறப்பது மூன்று விரலிலிருந்து இரண்டாக, ஒன்றாகக் குறையும். இப்படிப்பட்டவருக்கு வேறு ஏதோ காரணத்துக்கு அவசர அறுவை என்றால், மயக்க மருந்து கொடுப்பவரால் வாய் வழியாகக் குழாய் விட முடியாது. அப்போது விழித்திருக்கும் நிலையிலேயே, கழுத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, துளையிட வேண்டியிருக்கும். முன்கூட்டித் தெரிந்தால் அதை நிதானமாகச் செய்யலாம். தெரியாமல் மயக்கம் கொடுத்துவிட்டு, மூச்சு நின்றபின் அவசரமாகச் செய்யும் அறுவைதான் இந்தத் துறையிலேயே ஆபத்தானது. புற்றுநோய்க்காகக் கழுத்தில் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குத் திசு கட்டைபோல இறுகியிருக்கும், ரத்தவோட்டம் குறைந்திருக்கும், புண் ஆறாது, பெரிய ரத்தக்குழாய் அரிக்கப்படும் அபாயமும் கூடும். அம்மாவோ பாட்டியோ வெற்றிலை போடுபவர் என்றால் இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க இருதய நோயாளிகள் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, மருத்துவர்கள் கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், கிளினிக் புத்தகத்தையும் மாத்திரை அட்டையையும் எடுத்துப்போங்கள். நாட்டு மருந்து எடுத்தாலும் மறைக்காதீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். குழாய் வைத்து மூன்று நாள் கழிந்து ஆறு வாரத்துக்குள் திடீரென்று புது ரத்தம் வந்தால், அது தானே நின்றுவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பெரிய ரத்தக்குழாய் உடைவதற்கு முன் பல சமயம் இப்படிச் சிறிது ரத்தம் காட்டும்.

முதுமை என்றாலே இந்த அறுவை கூடாது என்ற தவறான எண்ணம் இருக்கிறது. வயதானால் எச்சில் விழுங்குவது தடுமாறும், உணவு நுரையீரலுக்குள் இறங்கும், இருமல் பலவீனமாகும், புகைப்பழக்கத்தால் வந்த பழைய நுரையீரல் நோய் இருந்தால் சளி அதிகம். எல்லாம் உண்மை. ஆனால் கலைஞருக்கு அறுவை நடந்தது 92 வயதில் என்பதை மறுபடி நினைவுபடுத்துகிறேன். மருத்துவர் குழு வீட்டுக்கே போய்க் கவனித்தது, குழாயை உரிய காலத்தில் மாற்றினார்கள். வயதை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். அதே கவனிப்பு ஒரு தோட்டத்துத் தாத்தாவுக்குக் கிடைக்குமா என்பதுதான் என் கவலை. குழந்தைகளின் நிலை இதற்கு நேர்மாறு. நோய் குறைவாக இருந்தாலும் மூச்சுக்குழல் அவ்வளவு சிறியது, கொஞ்சம் உலர்ந்த சளி அடைத்தாலே போதும். கழுத்துக் குழாய் வைத்த பிள்ளையை ஒரு நொடிகூடத் தனியே விடக்கூடாது.

சிக்கல் குறைவாக வரும் நோயாளிகளும் உண்டு, அவர்களையும் சொல்லாமல் விட்டால் உரை ஒருதலையாகிவிடும். காய்கறித் தோட்டங்கள் நிறைந்த இந்த வட்டாரத்துக்குப் பூச்சிமருந்து புதிதல்ல. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது நல்ல செய்தி. ஆனால் பூச்சிமருந்துகளில் ஒரு வகை உடம்பில் ஏறினால், முதல் கட்டம் தாண்டிப் பிழைத்தார் என்று எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு, ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் செயலிழக்கும். இதை 1987இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் இலங்கையின் சேனநாயக்கவும் கரல்லியத்தவும். இன்னொரு தேயிலை மலைநாட்டில் பிறந்த அறிவு இது. இத்தகைய நோயாளி பெரும்பாலும் இளைஞர். ஒல்லியான கழுத்து, நல்ல ரத்தக்குழாய்கள். வாரக்கணக்கில் இயந்திரத்தில் இருந்தாலும், சளியை ஒழுங்காக உறிஞ்சி எடுத்தால் குழாயைக் கழற்றிவிட்டு நடந்து வீடு போவார். சிக்கல்கள் நோயின் கடுமையை மட்டும் பொறுத்தவை அல்ல என்பதற்காகவே இவரைச் சொன்னேன்.

“எப்போது செய்யலாம், சீக்கிரம் செய்தால் நல்லதா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் 900 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், நான்கு நாளுக்குள் செய்தவர்களுக்கும் பத்து நாள் தள்ளிப்போட்டவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. தள்ளிப்போட்ட குழுவில் பாதிப் பேருக்குக்கூடக் கடைசியில் அந்த அறுவை செய்யப்படவில்லை. ஆகவே பொறுத்திருக்கச் சொல்லும் மருத்துவர் அலட்சியமாக இருக்கிறார் என்று எண்ண வேண்டாம். அந்த நாள்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரலாம், உறைவுத் தடுப்பு மாத்திரையை நிறுத்தலாம், சரியான குழாயை வரவழைக்கலாம்.

இப்போது இந்த மலைக்கு வருகிறேன். மூக்கு செய்யும் வேலையின் அருமை அது இல்லாதபோதுதான் தெரியும். நுரையீரலுக்குள் போகும் காற்று 37 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியோடு இருக்க வேண்டும். நம் திரிங்காப்பின் விடிகாலைக் காற்று 16 பாகையில் பனி நிறைந்திருந்தாலும், அது சுமக்கக்கூடிய நீராவி லிட்டருக்கு 14 மில்லிகிராமைத் தாண்டாது. “இங்கே எப்போதும் ஈரம்தானே டாக்டர்” என்று சொல்வார்கள். தோலுக்கு ஈரம், நுரையீரலுக்கு வறட்சி. மூக்கைத் தாண்டிக் கழுத்து வழியாக நேரே உள்ளே போகும் காற்றுக்கு மீதி 30 மில்லிகிராமை மூச்சுக்குழலே கொடுக்க வேண்டும். கொடுத்துக் கொடுத்துச் சளி பசையாகும், பிறகு பொருக்காகி அடைக்கும். குழாயின் வாயில் மாட்டும் செயற்கை மூக்கு என்ற சிறு வடிகட்டி வெளிவரும் ஈரத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும். மலைக்குத் திரும்பும் நோயாளிக்கு அது கட்டாயம் வேண்டும். உரத்தூளும் மருந்துத் தெளிப்பும் உள்ள பண்ணைப் பக்கம் அவர் போகவும் கூடாது.

சளி எடுப்பதை வீட்டில் இரண்டு பேராவது கற்றிருக்க வேண்டும். குழாயிலிருந்து கொரகொர என்று சத்தம் கேட்டால் கையைக் கழுவி, மெல்லிய உறிஞ்சு குழலைக் கழுத்துக் குழாயின் நீளம் மட்டும் உள்ளே விட்டு, வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்ச வேண்டும். பத்து நொடிக்குள் முடிய வேண்டும், இடையில் மூச்சுவிட நேரம் கொடுக்க வேண்டும். உட்குழாயைக் கழற்றிக் கழுவி மாட்ட வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது? கையால் இயக்கும் உறிஞ்சி ஒன்று வைத்திருங்கள். கழுத்து நாடாவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள்.

தூரத்தையும் நோயாளியின் அபாயக் காரணிகளில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன், பாடப்புத்தகத்தில் அது இல்லாவிட்டாலும். தானா ராத்தாவில் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைச் சிறப்புச் சிகிச்சைக்கு இங்கிருந்து வழக்கமாக ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கு இறங்குகிறோம். சிம்பாங் பூலாய் சாலை வந்ததால் பயணம் குறைந்திருக்கிறது. இருந்தாலும் பள்ளி விடுமுறை நாளில் பிரிஞ்சாங் நெரிசலில் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸை இங்குள்ள எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குழாய் அடைத்தால் நேரம் நிமிடக்கணக்கில்தான். ஆகவே பருமன், நீரிழிவு, கதிர்வீச்சு எடுத்த கழுத்து, பலவீனமான இருமல் இவற்றில் இரண்டு ஒருவரிடம் சேர்ந்திருந்தால், முதல் குழாய் மாற்றம் முடியும்வரை அவரை மலைக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள் என்று மருத்துவர்களிடம் சொல்கிறேன். குடும்பங்களிடமும் சொல்கிறேன், ஈப்போவில் சொந்தக்காரர் வீடு இருந்தால் சில வாரம் அங்கே தங்குங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அதே அளவில் ஒரு குழாயும் ஒரு அளவு சின்னதாக இன்னொன்றும் கேட்டு வாங்கி, நோயாளி எங்கே போனாலும் கூடவே போகும் பையில் வையுங்கள்.

ஆபத்து என்றால் 999. ஆம்புலன்ஸில் வருபவர் அவசரத்தில் பிராணவாயு முகமூடியை முகத்தில் வைக்கக்கூடும். கழுத்துத் துளையிலும் வைக்கச் சொல்லுங்கள். குரல்வளையையே எடுத்துவிட்டவருக்கு முகத்தில் வைத்துப் பயனே இல்லை, அவருடைய மூக்குக்கும் நுரையீரலுக்கும் தொடர்பு கிடையாது. பிரிட்டனில் இதற்காகவே படுக்கையின் தலைமாட்டில் இரண்டு நிற அட்டை மாட்டுகிறார்கள். மேல்வழி திறந்திருப்பவருக்குப் பச்சை, குரல்வளை எடுத்தவருக்குச் சிவப்பு. உங்கள் வீட்டு நோயாளி எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டு, ஒரு தாளில் மலாய் மொழியிலும் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வையுங்கள்.